கேப்பு ஏறாத ஊர்

மதலைமுத்துவுக்கு முப்பதாம் நாள் பூசை முடிந்த மறுநாள் காலையில்தான் எங்கள் மஞ்சக்கொம்பையில் ஓட்டைகள் இறுகத் தொடங்கின. முதலில் இறுகியது தோட்டாவின் அடியில் கேப்பு உட்காருகிற குழி, அதற்கடுத்துப் பூட்டு, அதற்கடுத்து ஊசிக்காது, சட்டையின் பொத்தான் துளை, பெண்களின் காதுத் துளை, கடைசியில் கோழிக்கும் ஆட்டுக்கும் போனது, அதற்கு மேல் அது எங்கே போய் நிற்கும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தும் நாங்கள் களை எடுத்தோம், கஞ்சி குடித்தோம், ஞாயிற்றுக்கிழமை குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போனோம். ஏன் இறுகுகிறது என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. கேட்டவன் பதிலும் சொல்ல வேண்டியிருக்கும், அந்தப் பயம்தான், வேறென்ன.

என் பேர் பிலவேந்திரன். அந்தப் பேரைச் சொல்லிக் கேட்டால் ஊரில் பாதிப் பேர் முழிப்பார்கள், சங்கு வீடு எது என்று கேளுங்கள், நண்டுசிண்டுகூடக் கையைப் பிடித்துக் கூட்டி வரும். அந்தப் பட்டம் எனக்கு வந்த வயிற்றெரிச்சலில்தான் இந்தக் கதை முழுவதும் கிடக்கிறது, ஆகவே கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

எங்களுக்கு மக்காச்சோளமும் பீன்ஸும்தான் பிழைப்பு, காட்டுப்பன்றிக்கும் அதேதான் பிழைப்பு. நாங்கள் நட்டால் அது தின்னும், நாங்கள் வேலி போட்டால் அது வேலியையும் சேர்த்துத் தின்னும். அதனால் பதினொரு வீட்டில் லைசென்ஸ் துப்பாக்கி உண்டு. புதுத் தோட்டா கிடைப்பது எங்கள் மலையில் குதிரைக்கொம்பு, எனவே சுட்ட குப்பியை யாரும் எறிவதில்லை, எல்லாம் மதலைமுத்துவின் பெண்டாட்டி பிரகாசியிடம் போகும். தோட்டா என்றால் ஒரு பித்தளைக் குப்பி, அதன் அடியில் சட்டைப் பொத்தான் அளவுகூட இல்லாத ஒரு குழி, அந்தக் குழிக்குள் கேப்பு என்கிற சின்ன மூடி உட்கார்ந்திருக்கும், துப்பாக்கியின் ஊசி அந்த மூடியில் தட்டினால்தான் மருந்து பற்றும். பழைய கேப்பைத் தள்ளி, கரியைச் சுரண்டி, புதுக் கேப்பை அழுத்தி உட்காரவைப்பது பிரகாசியின் வேலை. சில குழி இறுக்கமாக இருக்கும். இறுக்கமான குழியோடு மல்லுக்கட்டக் கூடாது, மல்லுக்கட்டினால் கேப்பு கையிலேயே வெடித்துவிடும், மதலைமுத்து அப்படித்தான் ஒருநாள் சுத்தியலால் தட்டி இடது கைப் பெருவிரலின் நுனியைப் பறிகொடுத்தான். "இனிமே இதத் தொட்டேன்னா மிச்ச ஒம்போது வெரலையும் நானே ஒடிப்பேன்" என்று சொல்லி அன்றைக்கு அந்த வேலையை அவன் கையிலிருந்து பிடுங்கியவள்தான் அவள். குழியின் விளிம்பில் ஒரு மயிர் அளவு மட்டும் சுரண்டுவாள், கேப்பு பூப்போல உள்ளே போய் உட்காரும்.

மதலைமுத்து எனக்கு மச்சான் முறை. அவனிடம் அதற்குப் பிறகு துப்பாக்கியும் இல்லை, துப்பாக்கி ஆசையும் இல்லை.

இனி எங்கள் ஏற்பாட்டைச் சொல்கிறேன். ஒரு காலத்தில் பன்றியை யார் சுட்டானோ அவன் வீட்டுக்குத்தான் தலையும் ஈரலும். என் குண்டா உன் குண்டா என்று சட்டையைப் பிடித்து, மண்டை உடைந்து, ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் பேச்சுவார்த்தை இல்லாமல் போன வீடுகள் நாலைந்து உண்டு. அதற்காக நாங்களே கூடி ஒரு முடிவு எடுத்தோம். பதினொரு பேரும் தோட்டத்தின் ஒரு பக்கமாகப் பிறைபோல் வளைந்து நிற்க வேண்டும், எங்களில் மூத்தவரான இன்னாசி மாமா மூன்று எண்ணுவார், மூன்று என்றதும் எல்லோரும் ஒரேயடியாகச் சுட வேண்டும், யார் குண்டு பட்டது என்று மாதாவுக்குத்தான் வெளிச்சம், கறி எல்லாருக்கும் சமம். இதற்கு இரண்டு விதிகள். ஒன்று, எண்ணத் தொடங்கிய பிறகு யாரும் வாய் திறக்கக் கூடாது. இரண்டு, சுட்ட குப்பியை அங்கேயே இன்னாசி மாமாவின் துண்டில் போட்டுவிட வேண்டும், தோட்டாவை மிச்சம் பிடித்துக்கொண்டு கறிக்கு மட்டும் கை நீட்டுகிற பயல்களைப் பிடிக்க அவர் பதினொன்று இருக்கிறதா என்று எண்ணிப் பார்ப்பார். ரொம்ப நியாயமான ஏற்பாடு என்று நாங்களே எங்கள் முதுகைத் தட்டிக்கொண்டோம்.

போன வருசத்துக்கு முந்தின வருசம் அவர் "ரெண்டு" என்று சொன்னபோது நான் கத்திவிட்டேன். சோளத்துக்குள் கன்றுக்குட்டி நிற்பதாக என் கண்ணுக்குப் பட்டது. பன்றி தப்பி ஓடியது, போய்ப் பார்த்தால் கன்றுக்குட்டி இல்லை, மழையில் கறுத்த ஒரு மரக்கட்டை. அந்தப் பருவம் முழுவதும் என் வீட்டுக்குக் கறி இல்லை, போகட்டும், கறியா பெரிசு? ஆனால் அன்றிலிருந்து நான் சங்கு. டீக்கடையில் சங்கு, கோயில் வாசலில் சங்கு, என் பெண்டாட்டி தண்ணீர் பிடிக்கப் போனால் சங்கு வீட்டுக்காரி. நான் தெருவில் நடந்தால் எவனாவது ஒருத்தன் கையைக் குவித்து வாயில் வைத்து ஊதிக் காட்டுவான், மற்றவன்கள் சிரிப்பார்கள், நானும் சிரித்துத் தொலைப்பேன்.

மதலைமுத்து செத்த அன்றைக்குச் சாயங்காலம் தூறல். இன்னாசி மாமாவின் சோளத்தோட்டத்தை வளைத்து நின்றோம், நான் கடைசி ஆள், பாறைமேல். சோளம் அசைந்தது. கறுப்பாக ஒரு முதுகு தெரிந்தது. எங்கள் ஊரில் எல்லோரும் கறுப்புக் கம்பளிதான் போர்த்துவோம், தூறலில் ஒரு மனுசன் கம்பளியைத் தலையோடு இழுத்துவிட்டுக் குனிந்தால் பன்றிக்கும் அவனுக்கும் வித்தியாசம் கிடையாது. மற்றப் பத்துப் பேருக்கும் முதுகுதான் தெரிந்தது. பாறைமேல் நின்ற எனக்கு முகம் தெரிந்தது. ஆட்டுக்குப் புல் அறுக்க வந்திருக்கிறான். இன்னாசி மாமா "ஒண்ணு" என்றார். எனக்கு வாய் திறந்தது. சங்கு என்ற சொல் ஞாபகத்துக்கு வந்தது. "ரெண்டு" என்றார். நம் கண்ணுக்குத் தெரிந்தது அவர் கண்ணுக்குத் தெரியாமலா இருக்கும் என்று நினைத்தேன். "மூணு" என்றார். பத்துத் துப்பாக்கி வெடித்தது. என்னுடையது வெடிக்கவில்லை. மீதியை அப்புறம் சொல்கிறேன், அதைச் சொல்ல எனக்கே இன்னும் வாய் வரவில்லை.

உடம்பில் ஒரே ஒரு காயம். பத்துக் குண்டில் ஒன்று. இன்னாசி மாமா அழுதுகொண்டே துண்டை விரித்தார், எல்லோரும் குப்பியைப் போட்டார்கள், நான் கோட்டுப் பைக்குள் எப்போதிருந்தோ கிடந்த ஒரு பழைய குப்பியைப் போட்டேன். பதினொன்று சரியாக இருந்தது. கீழேயிருந்து விசாரிக்க வந்தவர்களிடம், இன்னாசி மாமாவின் துப்பாக்கியை மதலைமுத்துவே வாங்கித் துடைக்கும்போது கை தவறிவிட்டது என்று பதினொரு வாயும் ஒரே மாதிரி சொன்னது, எழுதிக்கொண்டு போய்விட்டார்கள்.

பிரகாசியிடம் அப்படிச் சொல்ல முடியுமா? அவளுக்கு எங்கள் ஏற்பாடு தெரியும். அப்போது அவளுக்கு ஆறாம் மாதம். கல்லறையில் மண் போட்ட கையோடு திரும்பி, எங்கள் பதினொரு பேரையும் வரிசையாகப் பார்த்துச் சொன்னாள்: "கேசு வேணாம். சண்டை வேணாம். எனக்கு ஒரே ஒரு பேரு வேணும். யாருன்னு தெரிஞ்சா மத்த பத்துப் பேரு மூஞ்சியிலயாச்சும் நான் முழிப்பேன். இந்த வயித்துல இருக்கறது நாளைக்கு யாரையாச்சும் மாமா, சித்தப்பான்னு கூப்பிடணுமில்ல?"

பத்துப் பேருக்கு உண்மையிலேயே தெரியாது. எனக்குத் தெரிந்தது வேறு.

முப்பதாம் நாள் பூசை முடிந்தது. சோளம் கதிர் விடத் தொடங்கியிருந்தது, பன்றிக்கு ஏது துக்கம்? இன்னாசி மாமா கூசிக் குறுகிக்கொண்டு அந்தப் பதினொரு குப்பியையும் எடுத்துப்போய் அவள் முன்னால் முறத்தில் கொட்டினார், துணைக்கு நானும் போயிருந்தேன். அவள் ஒரு குப்பியை எடுத்தாள், கரியைச் சுரண்டினாள், கேப்பை வைத்து அழுத்தினாள். கேப்பு பாதி உள்ளே போனது. அப்புறம், தண்ணீரில் அமுக்கிய தக்கை மேலே வருகிற மாதிரி, மெதுவாக எழும்பி வெளியே வந்து அவள் மடியில் விழுந்தது. விளிம்பைச் சுரண்டினாள். பித்தளைத் தூள் கொட்டியது, குழி முன்னைவிடச் சின்னதாக இருந்தது. பதினொன்றும் அப்படித்தான்.

"பித்தள கெட்டுப்போச்சு போலத்தா" என்றார் இன்னாசி மாமா.

"பித்தளைக்கு என்ன மாமா வந்துச்சு?" என்றாள் அவள்.

டவுனிலிருந்து புதுக் குப்பி வந்தது. கீழே கடையில் நல்லபடி ஏறிய கேப்பு மூன்றாவது கொண்டை ஊசி வளைவு தாண்டியதும் பஸ்ஸுக்குள்ளேயே பொலபொலவென்று உதிர்ந்தது. அந்த வாரம் பூட்டுகள் இறுகின. சாவி உள்ளே போகவில்லை என்று முதல் இரண்டு நாள் எண்ணெய் விட்டார்கள், திட்டினார்கள், மூன்றாம் நாள் கதவுக்குக் குறுக்கே விளக்குமாற்றைச் சாத்திவிட்டுத் தோட்டத்துக்குப் போனார்கள், விளக்குமாறு சாத்தியிருந்தால் பூட்டியிருக்கிறது என்று அர்த்தம் என்று ஊரே ஒப்புக்கொண்டது. ஊசிக்காது மூடியது, கிழிந்த துணியை வாழைநாரால் கட்டிக்கொண்டோம். பொத்தான் போட முடியாமல் ஆண்கள் சட்டையின் முனைகளை முடிச்சுப் போட்டுக்கொண்டார்கள். கெட்டிலின் மூக்கு அடைத்தது, டீக்கடைக்காரன் அகப்பையால் மொண்டு ஊற்றினான். அந்த மாதம் ஒரு கல்யாணம் நடந்தது, பெண்ணின் காதுத் துளை தூர்ந்துபோய்க் கம்மல் போட வழியில்லை, கம்மலை நூலில் கோத்துக் காதைச் சுற்றித் தொங்கவிட்டார்கள், படம் எடுத்தபோது எப்போதும் இப்படித்தான் போடுவது என்பதுபோல் அந்தப் பெண் நிமிர்ந்து நின்றாள். கண்டக்டரின் விசில் எங்கள் எல்லையில் ஊமையாகிவிடும், அவர் பஸ்ஸின் பக்கத்தில் கையால் அடித்துக்கொள்வார். மாதம் ஒருமுறை வருகிற சாமியார் பாவசங்கீர்த்தனம் கேட்க உட்கார்ந்தார், அவருக்கும் பாவத்தைச் சொல்ல வருகிறவர்களுக்கும் நடுவில் இருக்கிற பலகையின் சின்னச் சின்னத் துளைகளெல்லாம் அடைத்திருந்தன. "பரவாயில்ல, வெளிய வந்து நேராச் சொல்லுங்க" என்றார். நேராகச் சொல்வதாக இருந்தால் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வரிசையில் நின்ற அத்தனை பேரும் வீட்டுக்குக் கிளம்பிவிட்டோம்.

ஆக, சமாளித்தோம். எங்களைப்போல் சமாளிப்பதற்கு ஆள் கிடையாது. பன்றிகள் மட்டும் பகலிலேயே வந்து சோளத்தைத் தின்றன, எங்களைக் கண்டால் ஓடுகிற மரியாதையைக்கூட விட்டுவிட்டன.

அப்புறம் கோழிகள் முட்டையிடுவதை நிறுத்தின. இட முடியவில்லை, மூலையில் உட்கார்ந்து முக்கி முக்கிச் செத்தன. அதைப் பார்த்த பெண்கள் முதலில் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள், அடுத்து எல்லோரும் பிரகாசியின் வீட்டுப் பக்கம் பார்த்தார்கள். அவளுக்கு ஒன்பதாம் மாதம் பிறந்திருந்தது.

ஸ்டெல்லா நர்ஸ் அவளை டவுனுக்குக் கூட்டிப்போனார். எல்லாம் நன்றாக இருக்கிறது, இங்கேயே தங்கிப் பெற்றுக்கொள்ளட்டும் என்று டாக்டர் சொன்னார். பிரகாசி மறுபஸ்ஸில் திரும்பி வந்துவிட்டாள். நர்ஸ் கையைப் பிடித்துக் கெஞ்சியது எங்கள் காதிலேயே விழுந்தது.

"ஏம்மா, நீயும் சாகப்போற, புள்ளையும் சாகப்போகுது. கீழ போயிருன்னா என்ன உனக்கு?"

"கீழ போய்ப் பெத்துட்டு வந்தா, இவங்க நல்லதாப் போச்சுன்னு மறந்துருவாங்க சிஸ்டர். எனக்குப் பேரு வேணும். சொல்லட்டும், பெத்துக்கறேன். சொல்லலன்னா அவரோட சேத்து மூணு பேரையும் ஒரே குழியில வச்சுக்கட்டும் இந்த ஊரு."

பிடிவாதக்காரிதான். ஆனால் அதைப் பிடிவாதம் என்று சொல்ல எங்களில் எவனுக்கு யோக்கியதை இருந்தது?

அதற்கு அடுத்த நாள் இன்னாசி மாமா அவள் வீட்டுக்குப் போனார். "பிரகாசி, என் குண்டாத்தான் இருக்கணும்த்தா, நான்தான எண்ணுனேன்" என்று சொல்லிவிட்டுக் குலுங்கிக் குலுங்கி அழுதார். அவர் அழுதுகொண்டிருந்த நேரம், ஊசிக்காது ஒரு மயிரிழை திறந்தது. ஐந்தாம் வீட்டில் எவளோ ஒருத்தி அதைக் கண்டுபிடித்து நூலைக் கோத்துவிட்டாள், ஐம்பத்துமூன்று மணி ஜெபம் சொல்லி முடிக்கிற நேரம் திறந்திருந்து பிறகு மூடிக்கொண்டது. மறுநாள் அடுத்தவன் போனான், என் குண்டாக இருக்கலாம் என்றான், மறுபடி ஒரு மயிரிழை. இப்படி ஒவ்வொருவனாகப் பத்துப் பேரும் போனார்கள். பொய் சொல்லவில்லை, பத்துப் பேரும் தன் குண்டுதான் என்று பாதி நம்பித்தான் சொன்னார்கள். அவர்கள் அந்த வீட்டு வாசலில் கால் வைக்கும்போதே ஊர்ப் பெண்கள் ஊசியையும் நூலையும் எடுத்துக்கொண்டு தயாராக உட்கார்ந்துவிடுவார்கள், அங்கே ஒருவன் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுகிற நேரத்தில் இங்கே பாவாடையும் சட்டையும் அவசர அவசரமாகத் தைத்துத் தள்ளுவார்கள், அழுகை முடிந்ததும் ஊசி மூடிக்கொள்ளும். "நாளைக்கு யாரு முறை?" என்று கேட்டுக்கொள்வார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, பிள்ளைகள் கிழிசலோடு எத்தனை நாள் திரியும்?

பத்தாவது ஆள் போய்வந்த அன்றைக்கு என் பெண்டாட்டி சோற்றைப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"பத்துப் பேரு போயாச்சு."

"ம்."

"என்ன ம்? நீ மட்டும் என்ன பெரிய மகாத்மாவா? போய் நாலு வார்த்தை அழுதுட்டு வந்தா வாயி தேஞ்சா போகும்? அந்தப் புள்ள வயித்தப் பாத்தியா நீ? கோழி செத்த மாதிரி சாகப்போகுது."

போனேன். எல்லோரும் சொன்னதையே நானும் சொன்னேன், "தங்கச்சி, என் குண்டா இருக்கலாம்" என்றேன், கண்ணைக் கசக்கினேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். நான் வாசலைத் தாண்டுவதற்குள் ஊர் முழுவதும் ஒரு சத்தம் கேட்டது, ஈரக்கயிற்றை யாரோ முறுக்குகிற சத்தம். ஊசி வைத்துக் காத்திருந்த பெண்களின் கையில் ஊசிக்காதே இல்லாமல் வெறும் கம்பி இருந்தது. அன்று மத்தியானம் பிரகாசியின் ஆட்டுக்கு வலி வந்தது, மதலைமுத்து கடைசியாகப் புல் அறுக்கப் போனானே, அதே ஆடு. குட்டியின் குளம்புகூட வெளியே தெரியவில்லை. அது கத்துவதை ஊர் முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தோம், நாலு மணிக்குக் கத்தல் நின்றது. என் தொண்டையில் எச்சில் இறங்கவில்லை, எனக்கு மட்டுமா எல்லோருக்குமா என்று யாரையும் கேட்கவும் வாய் வரவில்லை.

அன்று ராத்திரி நான் தூங்கினேன் என்று சொன்னால் நம்பவா போகிறீர்கள்? விடிந்ததும் ஸ்டெல்லா நர்ஸ் தெருவில் ஓடுவதைப் பார்த்தேன். பிரகாசிக்கு இடுப்பு வலி கண்டிருந்தது. டிரங்குப் பெட்டியைத் திறந்து, ஊரிலேயே கேப்பு உதிராமல் கிடந்த அந்த ஒரே தோட்டாவை எடுத்து மடியில் கட்டிக்கொண்டு போனேன். "ஆம்பளைக்கு இங்க என்ன வேலை?" என்று நர்ஸ் தடுத்தார். "உள்ள விடுங்க சிஸ்டர்" என்று பிரகாசிதான் சொன்னாள். சுவரில் முதுகைச் சாய்த்துக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள், முகமெல்லாம் வேர்வை. பக்கத்தில் முறம், முறத்தில் அந்தப் பதினொரு குப்பி. நான் தோட்டாவை அவற்றுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"இது என்னண்ணே?"

"என்னோடது. அன்னைக்குத் துப்பாக்கியில போட்டிருந்தது. சுடல."

எடுத்துத் திருப்பி அடியைப் பார்த்தாள். கேப்பில் ஊசி பட்ட பள்ளம் இல்லை. பெருவிரலால் அதைத் தடவினாள். மாதாவே, அவள் முகம் அப்படித் தெளிந்தது, அந்தத் தெளிச்சலைப் பார்க்க வேண்டிய விதி எனக்கு இருந்தது.

"எனக்கு அப்பவே தெரியும்ணே. பதினொண்ணுல ஒண்ணு பழைய கரி. மோந்து பாத்தாலே தெரிஞ்சிரும், எத்தன வருசமா இந்தக் கரியத் தின்னுக்கிட்டு இருக்கேன்? பத்துப் பேருதான் சுட்டிருக்காங்க, யாரோ ஒரு புண்ணியவான் கை நடுங்கி நின்னுருக்கான்னு நெனச்சுக்கிட்டேன். ஒருத்தனாச்சும் இருக்கானேன்னு அந்த ஒருத்தன நெனச்சுத்தான் இத்தன நாளும் இந்த ஊர்ல சோறு தின்னேன். நீங்கதானாண்ணே அது? அதச் சொல்றதுக்கா நேத்து அப்படி முழிச்சீங்க?"

அப்படியே எழுந்து வந்திருக்கலாம். ஆயுசுக்கும் அவள் வீட்டில் எனக்கு மரியாதை இருந்திருக்கும். அப்போது அவளுக்கு அடுத்த வலி வந்தது, பல்லைக் கடித்துக்கொண்டு என் கையைப் பிடித்தாள், விரல் ஒடிகிற மாதிரிப் பிடித்தாள். வலி போனது, பிள்ளை அசையவில்லை. நர்ஸ் தலையை ஆட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். முறத்தில் குப்பிகள் அப்படியே இறுகித்தான் கிடந்தன.

"கை நடுங்கல தங்கச்சி" என்றேன். "பாத்துட்டேன்."

"எதப் பாத்தீங்க?"

"ஆளப் பாத்தேன். ஒண்ணுன்னு எண்ணும்போதே மச்சான்னு தெரிஞ்சுபோச்சு."

அவள் என் கையை விட்டாள்.

"கத்தலையா?"

"கத்தல."

"ஏன்?"

"சங்குன்னு சொல்வாங்கன்னு."

இதைச் சொல்லும்போது எவ்வளவு சின்ன விசயமாக இருந்தது! ஊர் சிரிக்குமே என்று ஒரு மனுசன் உயிரை நான் விட்டுக்கொடுத்தேன். வாய்விட்டுச் சொன்னபோதுதான் அது எனக்கே உறைத்தது. பிரகாசி அழவில்லை, திட்டவில்லை. அந்தத் தோட்டாவை முறத்தில் திரும்ப வைத்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அவரு உங்களப் பாத்தாரா?"

அதைத்தான் நான் யாரிடமும் சொல்லவில்லை. பெண்டாட்டியிடம் சொல்லவில்லை, சாமியாரிடம் சொல்லவில்லை, உங்களிடமும் இவ்வளவு நேரம் சொல்லவில்லை.

"பாத்தாரு" என்றேன். "சோளத்துக்குள்ள இருந்தே அரிவாளோட கைய லேசாத் தூக்கிக் காட்டுனாரு, சிரிச்சாரு. பதினொரு பேரு நிக்கறத அவரும் பாத்துட்டாரு தங்கச்சி. நான் பாத்துட்டேன், நான் சொல்லிருவேன்னு நெனச்சுக்கிட்டாரு. அதனாலதான் ஓடல. மறுபடியும் குனிஞ்சு புல்லு அறுக்க ஆரம்பிச்சாரு."

முறத்தில் ஏதோ டிக்கென்று சத்தம் கேட்டது. அடுத்து இன்னொன்று. குப்பிகள் ஒவ்வொன்றாக, அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம் ஆறுகிறபோது சத்தம் போடுமே, அப்படிச் சத்தம் போட்டன. தெருவில் யாருடைய கதவிலோ துருப்பிடித்துத் தொங்கிய பூட்டு தானாகத் திறந்து கீழே விழுந்தது. எங்கோ ஒரு கோழி கேறியது, அந்தக் கேறல் முட்டை போட்ட கேறல் என்று எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். பிரகாசி அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு, "சிஸ்டர், வருது" என்றாள். என்னைப் பார்க்காமலே வாசலைக் கைகாட்டினாள், நான் வெளியே வந்தேன்.

பதினோரு மணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் சௌக்கியம். ஊரில் அன்றைக்குத் திருவிழாதான் போங்கள், ஜனங்கள் பூட்டைப் பூட்டுவதும் திறப்பதும் மறுபடி பூட்டுவதுமாக அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தார்கள், பெண்கள் காதுத் துளையில் வேப்பங்குச்சியை விட்டுப் பார்த்துச் சிரித்தார்கள், கண்டக்டர் மூன்று வளைவுக்கு முன்னாலிருந்தே விசில் ஊதிக்கொண்டு வந்தார். நான் என்ன சொன்னேன் என்பது சாயங்காலத்துக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. யாரும் என்னை அடிக்கவில்லை. சங்கு என்று கூப்பிடுவதை மட்டும் நிறுத்திவிட்டார்கள். பிலவேந்திரன் என்றும் கூப்பிடவில்லை.

குழந்தைக்கு ஞானஸ்நானம் முடிந்ததும் பிரகாசி ஆள் அனுப்பி எல்லோரையும் வரச் சொன்னாள். அறுவடைக்கு இன்னும் பத்து நாள் இருந்தது, பன்றி தின்றது போக மிச்சம் இருந்த சோளத்தையாவது காப்பாற்ற வேண்டும். பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு வரிசையாகக் குப்பிகளை வாங்கினாள். கேப்பு பூப்போல ஏறியது. இன்னாசி மாமா அவள் காலடியில் உட்கார்ந்து குழந்தையின் பாதத்தைத் தொட்டுப் பார்த்தார், "தாத்தான்னு சொல்லுடி" என்று அவள் குழந்தையிடம் சொன்னாள். ஒவ்வொருவனுக்கும் ஒரு முறை வைத்துச் சொன்னாள், இது பெரியப்பா, இது சித்தப்பா, இது மாமா என்று பத்துப் பேருக்கும் சொன்னாள். பத்துப் பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு தோட்டாவை வாங்கிக்கொண்டு போனார்கள்.

பதினோராவதாக நான் நின்றேன். என் வீட்டில் கிடந்த ஒரு குப்பியைக் கொடுத்தேன். வாங்கினாள். பழைய கரியை நன்றாகச் சுரண்டித் துடைத்து, குழியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, கேப்பு வைக்காமலே என் கையில் திருப்பி வைத்தாள்.

"கொண்டு போ" என்றாள். "ஆளக் கொல்ல உனக்குத் தோட்டா எதுக்கு?"